மட்டமாக்கும் பொத்தானும் மாரண்டஹள்ளிச் சரிவும்

அண்ணன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். போன லீவில் எங்கள் மனையை மைன்கிராஃப்ட்டில் கட்டிக் காட்டினான். முப்பதுக்கு நாற்பது மனை. நாற்பதடி நீளத்தில், மேலே ரோட்டுப் பக்கத்திலிருந்து கீழே கொல்லைப் பக்கம் வரைக்கும் நாலடி இறக்கம். "முடிஞ்சுது சித்தப்பா" என்றான். பார்த்தால் நிலம் பலகை மாதிரி இருக்கிறது.

"சரிவு எங்கடா?"

"அதைத்தான் எடுத்துட்டனே. ஒரே ஒரு லேயர்தான் இருந்துச்சு."

அவன் சொன்னது சரிதான். மைன்கிராஃப்ட்டில் ஒரு கட்டை என்பது ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி. எங்கள் நாலடி இறக்கம் அவன் உலகத்தில் ஒரே ஒரு கட்டை. அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை, இரண்டு மாதம் பேச்சே இல்லாமல் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, நான் இதுவரை விளையாடிய, சுற்றிப் பார்த்த மெய்நிகர் உலகங்களில் சரிவான நிலத்தை என்ன செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டேன். அந்தப் பட்டியலிலிருந்து வந்ததுதான் இந்தக் குறிப்பு. விளையாட்டு நிஜம் மாதிரி இல்லையே என்று குறை சொல்வது என் நோக்கமல்ல. நிஜம் மாதிரியே இருந்தால் எவன் விளையாடுவான்? அந்த உலகங்கள் எதைக் கணக்கில் எடுக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதுதான் கேள்வி.

மட்டமே வரம்

இந்தக் கதை 1989இல் வந்த பாப்புலஸிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். புல்ஃப்ராக் நிறுவனத்தில் பீட்டர் மொலினியூ வடிவமைத்தது. அதில் நீங்கள் கடவுள். உங்கள் முக்கியமான வேலை என்ன தெரியுமா? நிலத்தை ஏற்றி இறக்கி மட்டமாக்குவது. மட்டமான இடம் கொஞ்சமாக இருந்தால் பக்தர்கள் குடிசை போடுவார்கள். அதிகமாக இருந்தால் பெரிய வீடு. சுற்றிலும் நல்ல அகலத்துக்கு மட்டமாக இருந்தால் கோட்டையே எழும்பும். மேடு பள்ளம் வறுமை, சமதளம் செல்வம். நிலம் திருத்துவதையே ஆட்டத்தின் மையமாக வைத்த முதல் பெரிய விளையாட்டு, சமதளத்தைக் கடவுளின் வரமாக வைத்தது.

அதற்கப்புறம் வந்த பல விளையாட்டுகளில் இந்த எண்ணம் அப்படியே தங்கிவிட்டது. 2014இல் தி சிம்ஸ் 4 வந்தபோது மனைகள் எல்லாமே தட்டை. தரையை ஏற்றி இறக்கும் கருவியைச் சேர்க்க 2018 ஆயிற்று. வீடு கட்டுவதற்கென்றே இருக்கிற ஒரு விளையாட்டில் நாலு வருஷம் சரிவே கிடையாது! பிரவுசிங் சென்டர் காலத்தில் நாங்கள் விழுந்து விழுந்து விளையாடிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் மேட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு: மேலே நின்று அடித்தால் 25 சதவீதம் கூடுதல் அடி. ஆனால் அது சண்டைக்கான மேடு. குடியிருக்கிற மேடு இல்லை.

செகண்ட் லைஃப்: நாலு மீட்டர் சுதந்திரம்

லிண்டன் லேப் 2003இல் திறந்த செகண்ட் லைஃப்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம். அங்கே நிலம் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருள். ஒரு வட்டாரம் 256க்கு 256 மீட்டர், மொத்தம் 65,536 சதுர மீட்டர். அதை மனை மனையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நிலம் திருத்த ஆறு கருவிகள்: மட்டமாக்கு, உயர்த்து, தாழ்த்து, வழவழப்பாக்கு, சொரசொரப்பாக்கு, பழையபடி ஆக்கு. மட்டமாக்கும் கருவியைப் பிடித்து ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த இடத்தின் உயரம்தான் அளவு. அப்படியே இழுத்துக்கொண்டு போனால் போகிற வழியெல்லாம் அந்த உயரத்துக்கு வந்துவிடும்.

இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன.

ஒன்று, எல்லை. பொதுப் பெருநிலத்தில் பெரும்பாலான இடங்களில், முதலில் இருந்த உயரத்திலிருந்து நாலு மீட்டர் ஏற்றலாம், நாலு மீட்டர் இறக்கலாம், அவ்வளவுதான். இந்த வரம்பு இருப்பதால் மலைச்சரிவில் மனை வாங்கியவர் அதை முழுசாக அழிக்க முடியாது. சரிவோடு குடும்பம் நடத்தியாக வேண்டும். அதனால்தான் அங்கே சரிவு வீடுகளில் ஒரு கைவேலை உருவாயிற்று. அடித்தளப் பெட்டியைக் கீழே இழுத்து மண்ணுக்குள் புதைப்பது, கால்கள் ஊன்றி வீட்டைத் தூக்கி நிறுத்துவது, படிக்கட்டாகத் தளம் இறக்குவது எல்லாம் அதில் சேர்த்தி. ஒன்றும் முடியவில்லை என்றால் வானத்தில் ஒரு பலகை போட்டு வீட்டை மேலே கொண்டுபோய் விடுவார்கள். அங்கே பொருள்கள் தானாக விழாது.

இரண்டு, பரப்பளவு. மனை எவ்வளவு சரிந்திருந்தாலும் பத்திரத்தில் 512 சதுர மீட்டர் என்றால் 512தான். சரிவின் முதுகை அளப்பதில்லை, மேலிருந்து பார்க்கிற தட்டைப் பரப்பைத்தான் அளக்கிறார்கள். இது விளையாட்டின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். நம்ம ஊர் சர்வேயும் அப்படித்தான். சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடித்துத்தான் அளவு. வரைபடத்தில் மேடும் பள்ளமும் காணாமல் போவது கணினிக்கு வெகு முன்னாடியே நடந்துவிட்டது.

ஆனால் எல்லைக்கோட்டில் நடப்பதைப் பாருங்கள். நான் என் மனையை நாலு மீட்டர் இறக்கிவிட்டால், பக்கத்து மனைக்காரருக்கு அவர் வாசலில் திடீரென்று ஒரு பாறைச்சரிவு. தரையின் படம் செங்குத்தாக இழுபட்டு அசிங்கமாகத் தெரியும். அவர் மண் சரியாது, வீடு விரிசல் விடாது. அவருக்கு நான் செய்த கெடுதல் பார்வைக்கு மட்டும்தான்.

மண் எங்கே போகிறது?

பெரும்பாலான உலகங்கள் பதில் சொல்லாத கேள்வி இது. வெட்டிய மண் மறைந்துவிடும், கொட்டுகிற மண் எங்கிருந்தோ வரும். இதை யோசித்த இரண்டு விளையாட்டுகளைப் பாராட்டியே ஆக வேண்டும்.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2015இல் வந்தது. பிறகு அதில் சேர்ந்த நிலம் திருத்தும் கருவியில் மண்ணுக்குக் கணக்கு உண்டு. ஓரிடத்தில் தோண்டினால் உங்கள் இருப்பில் மண் ஏறும். மேடாக்கினால் இருப்பிலிருந்து குறையும். சின்ன விதிதான். ஆனால் அதை வைத்ததும் ஆட்டக்காரர் ஒப்பந்தக்காரர் மாதிரி யோசிக்க ஆரம்பிக்கிறார்: எங்கே வெட்டி எங்கே ரொப்புவது?

2021இல் வந்த வால்ஹைமில் மண்வெட்டியால் நிலத்தை உயர்த்த வேண்டுமானால் கல் செலவாகும். கல்லை நீங்கள்தான் உடைத்துச் சுமந்து வர வேண்டும். ஏற்றவும் இறக்கவும் எட்டு மீட்டர்தான் வரம்பு. அது மட்டுமில்லை, வீட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் தாங்கும் வலு உண்டு. தரையைத் தொடுவது நீலமாகத் தெரியும். தரையிலிருந்து தள்ளிப் போகப் போகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறி ஒரு கட்டத்தில் உடைந்து விழும். நான் பார்த்ததில் நிலத்துக்கும் வீட்டுக்கும் உறவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட சில விளையாட்டுகளில் இது ஒன்று.

இந்த மண் கணக்கு நிஜத்தில் எவ்வளவு பெரியது என்று எங்கள் மனையை வைத்தே சொல்கிறேன். பேப்பர், பென்சில் போதும்.

முதல் வழி: மேல்மட்டத்துக்கு முழு மனையையும் ரொப்புவது. முக்கோணக் கணக்கு. நாற்பதடி நீளம், நாலடி உயரம், அதில் பாதி 80. முப்பதடி அகலத்தால் பெருக்கினால் 2,400 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 24 யூனிட். மூணு யூனிட் டிப்பரில் எட்டு லோடு. மண் அமுங்கும், அதனால் இன்னும் ஒன்றிரண்டு லோடு கூடவே போகும். கீழ்க் கடைசியில் நாலடிக்குக் கல்கட்டுச் சுவர் எழுப்ப வேண்டும்.

இரண்டாவது வழி: நடு உயரத்தில் மட்டம் பிடிப்பது. மேல்பாதியில் வெட்டி கீழ்பாதியில் போடுவது. நகர்த்த வேண்டிய மண் வெறும் 6 யூனிட். வெளியிலிருந்து ஒரு லோடும் வேண்டாம். ஆனால் வீட்டில் பாதி வெட்டிய கெட்டி மண்ணில், மீதிப் பாதி புதிதாகக் கொட்டிய மண்ணில். தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போடாவிட்டால் கொட்டின பாதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மற்ற பாதி இறங்காது. நடுச்சுவரில் விரிசல் எங்கே விழும் என்று இப்போதே கோடு போட்டுக் காட்டலாம்.

மூன்றாவது வழி: இரண்டு தட்டாகப் பிரிப்பது. இருபதடி மேல் தட்டு, இருபதடி கீழ் தட்டு, நடுவில் இரண்டடி இறக்கம். நகர்த்த வேண்டிய மண் 3 யூனிட். மேலே ஓரடி வெட்டு, கீழே ஓரடிச் சுவர். முதல் வழியோடு பார்த்தால் எட்டில் ஒரு பங்கு மண் வேலை.

கணக்குப்படி மூன்றாவதுதான் ஜெயிக்கிறது, இல்லையா? அம்மாவின் முழங்கால் அந்தக் கணக்கில் இல்லை. வீட்டுக்குள்ளேயே நாலு படி என்றால் அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும்? அண்ணன் முழுசா ரொப்பிடலாம் என்றார். நான் படி வைக்கலாம் என்றேன். யார் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் சண்டை நீண்டது.

தண்ணீர் கேட்கும் கேள்வி

மண்ணுக்காவது இரண்டு விளையாட்டு பதில் சொன்னது. மழைக்கு நான் பார்த்தவற்றில் ஒன்றும் சொல்லவில்லை. மைன்கிராஃப்ட்டில் மழை பெய்யும். சத்தம் கேட்கும், வானம் கறுக்கும். ஆனால் அந்த மழைத்தண்ணீர் தரையில் ஓடாது. மணலும் சரளையும் கீழே கட்டை இல்லையென்றால் விழும், மண்கட்டை அந்தரத்தில் நிற்கும். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் ஆற்றுத் தண்ணீர் அழகாக ஓடும், அணை கட்டினால் தேங்கும். ஆனால் நீங்கள் மட்டமாக்கின மனைப்பிரிவின் மேல் விழுந்த மழை கீழ் வீட்டுக்காரர் வாசலுக்கு வராது.

மாரண்டஹள்ளியில் இருப்பவனுக்கு இந்த விடுபடல்தான் உறுத்தும். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை என்று ஓசூருக்குப் போகும் ரயில் ஏறிக்கொண்டேதான் போகும். நாங்கள் அந்த ஏற்றத்தின் நடுவில் இருக்கிறோம். தக்காளித் தோட்டமானாலும் ராகிக் கொல்லையானாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சரிவுக்குக் குறுக்காக வரப்புப் போட்டு, மண் அடித்துப் போகாமல் நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் நிற்க வைத்துக் கீழே அனுப்புவதுதான் மானாவாரி விவசாயத்தின் பாதி அறிவு. வேளாண் பொறியியல் துறைக்காரர்கள் இதைச் சம உயர வரப்பு என்பார்கள். அந்த வரப்பு சரிவை அழிப்பதில்லை, தண்ணீரின் வேகத்தைத்தான் குறைக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்தபோது, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே புயலில் டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். சரிவில் வீடு என்பது எங்களுக்கு அழகியல் பிரச்சினை இல்லை.

சட்டமும் இதைப் பேசியிருக்கிறது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தின் ஏழாவது பிரிவில் உதாரணங்களாக இரண்டு உரிமைகளைச் சொல்கிறார்கள். மேல் நிலத்தில் விழுகிற தண்ணீர் இயல்பாக ஓடிக் கீழ் நிலத்துக்கு இறங்குவதைக் கீழ் நிலத்துக்காரர் விட வேண்டும். அதேபோல ஒருவருடைய நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் மண் இயற்கையாகக் கொடுக்கிற தாங்குதலும் அவருடைய உரிமை. அந்த "இயல்பாக", "இயற்கையாக" என்ற வார்த்தைகளில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. நிலத்தைத் தட்டையாக்கி, தண்ணீரை ஒரே மூலையில் திரட்டி, ஒரு பைப்பில் அடுத்தவன் கொல்லைக்கு விட்டால் அது இயல்பான ஓட்டம் ஆகுமா? ஓரம் வரைக்கும் ஆழமாக வெட்டி, பக்கத்துக்காரன் மண்ணைச் சரிய விட்டால்? எந்த மெய்நிகர் உலகமும் இந்த இரண்டையும் விதியாக வைத்து நான் பார்க்கவில்லை.

எங்கள் மனைக்கு மேல் பக்கம் ஒரு மனைப்பிரிவு வந்தது. யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை. ஜேசிபி நாலு நாள் ஓடியது. சரிவாக இருந்த கொல்லை மேசை மாதிரி ஆயிற்று. குறுக்கே இருந்த பழைய வரப்புகள் எல்லாம் போச்சு. முன்பெல்லாம் பரவலாக, மெதுவாக இறங்கின தண்ணீர், அந்த வருஷம் முதல் பெருமழையில் ஒரே வாய்க்காலாக எங்கள் பக்கம் வந்தது. செகண்ட் லைஃப் கருவியைத்தான் அங்கே ஓட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஓர் உயரத்தைப் பிடி, இழுத்துக்கொண்டே போ. விளையாட்டு நிஜத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று குறை சொல்ல வந்தவன், நிஜம் விளையாட்டைக் காப்பி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மட்டமும் வாட்டமும்

கடைசியில் எங்கள் சண்டையைத் தீர்த்தவர் மேஸ்திரி. அவர் முதலில் டியூப் லெவல் பிடித்தார். தண்ணீர் நிரப்பின பைப்பின் ஒரு முனை இந்தப் பக்கம், இன்னொரு முனை அந்தப் பக்கம். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் குறி. கணினியில் மட்டம் என்பது ஒரு எண். இங்கே மட்டம் எது என்று தண்ணீரையே கேட்கிறார்கள்.

குறி போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "மட்டமா வெச்சா தண்ணி அங்கியே நிக்கும்மா. எல்லாத்துக்கும் வாட்டம் வேணும். பத்தடிக்கு ஒரு இஞ்ச்சாவது சாச்சாத்தான் போவும்."

வாட்டம். நம்ம கட்டட வேலைக்காரர்களின் அருமையான சொல். மொட்டைமாடி, பாத்ரூம், வாசல் எதுவும் முழு மட்டம் இல்லை. கண்ணுக்கு மட்டம், தண்ணீருக்குச் சரிவு. சரிவே இல்லாத நிலத்தில்கூட மேஸ்திரி ஒரு சரிவை உண்டாக்குகிறார். மட்டமாக்கும் பொத்தானை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமல் போன விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மட்டமாக்குவது அவர்களுக்கு முடிவு. மேஸ்திரிக்கு அது பாதி வேலைதான்.

அவர் சொன்ன வழியைத்தான் கட்டினோம். மேல் தட்டு ரோட்டு மட்டத்தில். அம்மாவின் அறை, சமையலறை, பாத்ரூம், கூடம் எல்லாம் அதில், ஒரு படிகூட இல்லாமல். கீழ் தட்டில் தக்காளிக் கூடை, வண்டி, தண்ணித் தொட்டி, என் மேசை. மேல் தட்டை ரோட்டுக்குச் சேர்க்க நான் போட்ட கணக்கைவிட மண் கூடத்தான் செலவாயிற்று. அண்ணனும் விட்டுக்கொடுத்தார், நானும் விட்டுக்கொடுத்தேன். கல்கட்டுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் இடைவெளி விட்டுப் பைப் துண்டு செருகினார்கள். சுவரைத் தள்ளுவதில் மண்ணைவிட அதற்குள் தேங்குகிற தண்ணீருக்குப் பங்கு அதிகம் என்பதால் அது. எங்கள் தண்ணீரும் கீழ்க் கொல்லைக்காரர் வாசலில் ஒரே இடத்தில் விழாமல் வரப்பு நீளத்துக்குப் பரவுகிற மாதிரி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினோம். அவர் எங்களைக் கேட்கவில்லை. மேலே இருந்தவர்களிடம் நாங்கள் எதிர்பார்த்தது அதுதான் என்பதால் செய்தோம்.

விளையாட்டுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் நியாயமாக இருக்காது. மூன்று வழியையும் நான் முதலில் சோதித்தது திரையில்தான். செகண்ட் லைஃப் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது "பழையபடி ஆக்கு". ஜேசிபியில் அந்தப் பொத்தான் இல்லை. தப்பை ராத்திரி பதினோரு மணிக்குச் செய்து பார்த்து, காலையில் மனசு மாறுகிற வசதி சரிவில் வீடு கட்டுகிற யாருக்கும் தேவை. நோ மேன்ஸ் ஸ்கையில் தோண்டிக் கட்டின வீட்டுக்குள், திரும்பி வந்து பார்த்தால் மண் மறுபடி நிரம்பியிருக்கும். நிலத்தில் செய்த மாற்றங்களை ஓர் அளவுக்கு மேல் அந்த விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்வதில்லை, பழையவை அழிந்துபோகும். ஆட்டக்காரர்கள் எல்லோரும் திட்டுகிற குறை அது. எனக்கு என்னவோ, மழைக்காலத்தில் எங்கள் வாய்க்காலில் வந்து நிரம்புகிற மண்தான் ஞாபகம் வருகிறது. நிலம் தன் பழைய சாய்வை மறக்காது.

எனவே என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. மட்டமாக்கும் பொத்தானை எடுத்துவிட வேண்டாம். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் மண்ணுக்குக் கணக்கு வைத்த மாதிரி, யாராவது மழைக்கும் கணக்கு வைக்கட்டும். மேல் மனையை மட்டமாக்கினால் கீழ் மனைக்காரனுக்கு ஒரு செய்தியாவது போகட்டும். ஒன்பதாவது படிக்கிற பையன் கற்றுக்கொள்ள அது போதும். அவனும் ஒரு நாள் மனை வாங்குவான்.

போன வாரம் அவனிடம் புது வீட்டைக் காட்டி, "இப்ப கட்டுடா பார்க்கலாம்" என்றேன். இரண்டு தட்டையும் சரியாகவே கட்டினான். வாய்க்காலும் வெட்டி, மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினான். தட்டைத் தரையில் அது ஏழு கட்டை தூரம் போய் நின்றுவிட்டது. மைன்கிராஃப்ட்டில் அவ்வளவுதான் போகும்.

"ஏன் சித்தப்பா நிக்குது?" என்றான்.

"வாட்டம் இல்ல" என்றேன். கடைசியில் ஒரு கட்டையைத் தட்டி எடுத்தான். தண்ணீர் கீழே விழுந்து மறுபடி ஓட ஆரம்பித்தது.